பாலோ: இறந்தவரோடு போடும் ஒப்பந்தம்

கியூபாவில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களிடமிருந்து உருவான வழிபாடு பாலோ. அதைப் பற்றிக் கேட்கப்பட்டவை மூன்று. பாலோ மயோம்பே என்பது அங்குள்ள இன்னொரு ஆப்பிரிக்க வழி மதமான சாந்தேரியாவின் இருட்டுப் பக்கமா? அதன் வழிபாட்டின் நடுவில் இருக்கும் இரும்புக் கொப்பரைக்குள் என்னதான் இருக்கிறது? சடங்கு என்று உண்மையில் எதைச் செய்கிறார்கள்?

முதல் கேள்விக்கு விடை: இல்லை. சாந்தேரியா யொருபா மக்களுடையது. இன்றைய நைஜீரியா, பெனின் பக்கத்திலிருந்து கியூபாவுக்கு வந்தது. பாலோவின் ஊற்று அதற்கு வெகு தெற்கே, காங்கோ ஆற்றின் கீழ்ப்பகுதியில். இன்றைய அங்கோலாவின் வடக்கு, கபிந்தா, இரண்டு காங்கோ நாடுகள் என்று பரவியிருக்கும் பாகோங்கோ மக்களின் வழிபாடு அது. அவர்கள் பேசும் கிகோங்கோ ஒரு பாந்து மொழி. மயோம்பே என்பது அங்குள்ள ஒரு காட்டுப் பகுதியின் பெயர். இரண்டு மரபுகளும் ஒரே கரும்புத் தோட்டங்களில் பக்கத்துப் பக்கத்துக் குடிசைகளில் வாழ்ந்தன, ஒன்றிடமிருந்து ஒன்று நிறைய வாங்கிக்கொண்டன, இன்றும் ஒரே ஆள் இரண்டிலும் தீட்சை பெற்றிருப்பதைச் சாதாரணமாகக் காணலாம். ஆனால் அடிப்படைக் கணக்கு வேறு. சாந்தேரியாவில் தெய்வத்தைத் தலையில் ஏற்றி முடிசூட்டுகிறார்கள். பாலோவில் இறந்துபோன ஒருவரோடு பேசி, கூலியை முடிவுசெய்து, தரையில் கையொப்பம் போட்டு, வேலை வாங்குகிறார்கள். அது ஓர் ஒப்பந்தம். அப்படிப் பார்த்தால்தான் கொப்பரை, கோடு, சாராயம், வெடிமருந்து எல்லாம் புரியும். தப்புகள் எங்கே நேர்கின்றன என்பதும் புரியும்.

பெயர்களை முதலில் தீர்த்துவிடுவோம். 'பாலோ' ஸ்பானிய மொழியில் கட்டை, குச்சி. 'மோந்தே' காடு, புதர்க்காடு. பாலோ மோந்தே என்பதே பொதுப்பெயர். அதற்குள் மயோம்பே, பிரியும்பா, கிம்பிசா என்று கிளைகள். மயோம்பே பழைய வழியை விடாமல் பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளும். கிம்பிசா 19ஆம் நூற்றாண்டில் ஆந்த்ரேஸ் பெத்தித் உருவாக்கிய கிளை: காங்கோ வழியோடு கத்தோலிக்கம், ஆவியுலகக் கூட்டங்கள், யொருபா தெய்வங்கள் எல்லாவற்றையும் சேர்த்தது, பலிபீடத்தில் சிலுவையும் இருக்கும், கொப்பரையும் இருக்கும். கத்தோலிக்கம் கியூபாவில் வந்து ஒட்டிய பூச்சு என்று நினைப்பதும் சரியல்ல. காங்கோ அரசர் ன்சிங்கா ஆ ன்குவு 1491இலேயே ஞானஸ்நானம் பெற்றவர். அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்ட பலருக்குச் சிலுவை ஏற்கெனவே தெரிந்த பொருள்தான்.

அந்தச் சிலுவைக்கு அவர்களிடம் இன்னொரு பொருளும் இருந்தது. கிடைக்கோடு 'கலுங்கா': நீர்ப்பரப்பு, உயிரோடிருப்பவர்க்கும் இறந்தவர்க்கும் நடுவிலுள்ள எல்லை. மேல்முனை நண்பகல், கீழ்முனை நள்ளிரவு, பக்கமுனைகள் சூரிய உதயமும் மறைவும். சூரியன் இங்கே மறையும்போது அங்கே உதிக்கிறது. செத்தவர் அழிந்துபோவதில்லை, கோட்டுக்குக் கீழே இடம் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். வெண்களிமண்ணின் பெயரான 'ம்பெம்பா'வே இறந்தவர் உலகத்துக்கும் பெயர். தரையில் வெள்ளைக் கட்டியால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு அதன்மேல் நின்று சத்தியம் செய்வது எல்லைக்கோட்டின்மேல் நின்று பேசுவதற்குச் சமம்.

கோட்டுக்கு அப்பால் எல்லாவற்றுக்கும் மேலே ன்சாம்பி இருக்கிறார், படைத்தவர். அவருக்குப் பலி இல்லை, கொப்பரை இல்லை. எந்த வேலைக்கும் முதலில் அவர் பெயரைச் சொல்லி அனுமதி கேட்பதோடு சரி. அடுத்த நிலையில் ம்புங்கோ என்ற சக்திகள். வழிகளையும் நாற்சந்தியையும் காப்பது லுசேரோ. இரும்பு, உழைப்பு, சண்டை சரபாந்தாவுக்கு. இடியும் நெருப்பும் ஏழு மின்னல் என்று பொருள்படும் சியேதே ராயோஸுக்கு. கடலும் தாய்மையும் மாத்ரே தே ஆக்வாவுக்கு. ஆறும் செல்வமும் சோலா வெங்கேவுக்கு. நோய் கோபாயெந்தேவுக்கு. இலைதழைகள் குருன்ஃபிந்தாவுக்கு. இவற்றை யொருபா தெய்வங்களோடும் கத்தோலிக்கப் புனிதர்களோடும் இணைத்துச் சொல்லும் பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். சரபாந்தாதான் யொருபாவின் இரும்புத் தெய்வமான ஒகூன் என்பது போல. வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம், சமன்பாடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏனென்றால் பாலோவில் வேலையைச் செய்வது ம்புங்கோ அல்ல. அதன் நிழலில் நிற்கும் ஒரு குறிப்பிட்ட இறந்த மனிதர், ன்ஃபும்பே.

அவர் தங்கும் இடம்தான் நீங்கள் கேட்ட கொப்பரை. அதன் பெயர் ங்கங்கா. தமிழ் நாக்குக்கு முரண்டு பிடிக்கும் தொடக்கம், என்ன செய்வது. கிகோங்கோவில் ங்கங்கா என்றால் வைத்தியர், சடங்கு நடத்துபவர், அதாவது ஆள். சக்தியை அடக்கிய பொருளுக்குப் பெயர் ங்கிசி. கியூபாவில் இந்தச் சொல் ஆளிலிருந்து பொருளுக்கு நகர்ந்துவிட்டது. ஸ்பானிய மொழியில் 'ப்ரென்தா' என்றும் சொல்வார்கள். நகை என்றும் அர்த்தம், அடகுப் பொருள் என்றும் அர்த்தம். ஒப்பந்தம் என்று மேலே சொன்னது என் உவமை அல்ல. அந்தப் பெயரிலேயே இருக்கிறது. நடத்துபவருக்கு இப்போது 'தாதா ங்கங்கா' என்று பெயர். இந்தத் தாதாவுக்கும் நம்மூர் சினிமா தாதாவுக்கும் உறவில்லை; கிகோங்கோவில் தாதா என்றால் அப்பா. மூத்த பெண் யாயா. கூடவே நின்று உதவுபவர் பக்கோன்ஃபூலா. கோவில் வீடு முனான்சோ.

உள்ளே என்ன இருக்கும்? சரபாந்தாவுக்கானது என்றால் மூன்று கால் இரும்புக் கொப்பரை, சுற்றிலும் சங்கிலி. தண்ணீர்ச் சக்திகளுக்குப் பெரும்பாலும் மண்பானை. அடியில் அந்த வீட்டின் கையொப்பக் கோலம் வரையப்படும். அதன்மேல் மண் வகைகள்: கல்லறை மண், நாற்சந்தி மண், சந்தை, சிறை, மருத்துவமனை, தேவாலய வாசல் மண், இலைவெட்டி எறும்புப் புற்று மண், கரையான் புற்று. பிறகு கட்டைகள். ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என்று ஏழின் மடங்கில் கணக்கிடுவார்கள்; ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம். 'போரை வெல்வது', 'வழி திறப்பது' என்று மரத்தின் ஸ்பானியப் பெயரே வேலையைச் சொல்லிவிடும். மதத்துக்குப் பெயர் கொடுத்தவை இந்தக் கட்டைகள்தான். ஆற்றுக்கல், காந்தக்கல், நாணயம், கத்தி, தண்டவாள ஆணி, காய்ந்த மிளகாய், இஞ்சி, பூண்டு, பட்டை. விலங்கு எலும்புகள்: மோப்பம் பிடிக்க நாய், இருட்டில் பார்க்க இரவுப் பறவை, உயரத்திலிருந்து கண்டுபிடிக்கக் கழுகு. மூங்கில் கணு ஒன்றில் கடல்நீரும் மணலும் பாதரசமும் ஊற்றி மெழுகால் அடைத்து வைப்பதும் உண்டு. பாதரசமும் கடலும் ஓயாமல் அசைபவை, வேலையும் நிற்காமல் நடக்க வேண்டும் என்பதற்காக.

நடுவில் இறந்தவர். பழைய முறையில் மண்டையோடு அல்லது விரல், கால் எலும்பு: நினைக்க, பிடிக்க, நடக்க. எலும்பை எடுப்பதற்கு முன் கல்லறையிலேயே பேச்சு நடக்கும். சாராயம், மெழுகுவத்தி, காசு வைத்து, 'வருகிறாயா' என்று குறி கேட்டு, சம்மதம் வந்தால் மட்டும் எடுப்பது. காசு கூலிக்கான முன்பணம். எந்த வேலைக்கு என்ன தருவேன் என்பதும் அங்கேயே முடிவாகும். இன்று பெரும்பாலான நாடுகளில் மயானத்திலிருந்து எலும்பை எடுப்பது குற்றம். காரகாஸ் நகரின் தெற்குப் பொது மயானத்தில் கல்லறைகள் சூறையாடப்பட்ட செய்திகளில் பாலோவின் பெயர் அடிபட்டதும் இதனால்தான். ஆப்பிரிக்க ங்கிசிகளிலேயே கல்லறை மண் இறந்தவரின் இடத்தில் நின்றிருக்கிறது. ஆகவே மண்ணை மட்டும் வைத்துச் செய்யும் ங்கங்கா குறைபட்டது என்று வாதிடுபவர் தன் மரபையே பாதிதான் படித்திருக்கிறார்.

சேர்த்து முடித்த கொப்பரை உடனே வேலைக்கு வராது. பழைய பதிவுகளில் அதை 21 நாள் மயானத்திலும் பிறகு 21 நாள் காட்டில் மரத்தடியிலும் புதைத்து வைப்பார்கள். அதைவிட முக்கியமானது, புதிய ங்கங்கா ஒரு பழைய ங்கங்காவிலிருந்து 'பிறக்க' வேண்டும் என்பது: தாய்க் கொப்பரையிலிருந்து கொஞ்சம் பொருள் எடுத்துப் போடுவார்கள். இணையத்தில் விற்கும் தயார்க் கொப்பரைகளின் ஓட்டை இங்கேதான். பொருள் எல்லாம் சரியாக இருக்கலாம், ஆனால் யாரிடமிருந்து வந்தது, எந்த இறந்தவர் எதற்குச் சம்மதித்தார் என்ற தகவல் கூட வராது. அறிந்தவர் பார்வையில் அது கையெழுத்தில்லாத பத்திரம்.

கையொப்பம் என்றேன். அதன் பெயரே ஃபிர்மா. வெண்சுண்ணக் கட்டியால் வரையப்படும் அம்பு, வட்டம், சிலுவை, பிறை, சுருள் ஆகியவற்றின் தொகுப்பு. ஒவ்வொரு ம்புங்கோவுக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும், ஒவ்வொரு தாதாவுக்கும் தனி ஃபிர்மா உண்டு. அம்பு போகும் திசைதான் வேலை போகும் திசை. படம் பார்த்து வரைபவர்கள் இங்கே சறுக்குகிறார்கள்: நோயாளியிடமிருந்து நோயை வெளியே அனுப்ப வேண்டிய அம்பு உள்நோக்கி இருந்தால் அந்தக் கோலத்துக்கு அர்த்தமே மாறிவிடும். மூத்தவர்கள் இவற்றைக் கையெழுத்து நோட்டுகளில் வைத்துச் சீடருக்கு மட்டும் காட்டுகிறார்கள். மந்திரத்தை மறைக்கும் கெடுபிடி மட்டுமல்ல அது; இன்னொரு வீட்டின் கையொப்பத்தைப் போடுவது கள்ளக் கையெழுத்துக்குச் சமம்.

ஒரு சாதாரண வேலை எப்படி நடக்கும்? தரையில் ஃபிர்மா, அதன்மேலோ முன்னாலோ ங்கங்கா, ஒரு மெழுகுவத்தி. ன்சாம்பி, வீட்டின் முன்னோர், தீட்சை தந்தவர்கள், பிறகு ம்புங்கோ என்று வரிசையாகப் பெயர் சொல்லி அனுமதி. வாயில் கரும்புச் சாராயத்தை வைத்துக் கொப்பரைமேல் தூவலாக ஊதுவார்கள். சுருட்டைத் திருப்பி, எரியும் முனையை வாய்க்குள் வைத்து, மறுமுனை வழியாகப் புகையை ஊதுவார்கள். சாராயத்தின் சடங்குப் பெயர் மலாஃபோ. காங்கோவில் பனைவகைக் கள்ளுக்கான சொல்லிலிருந்து வந்தது. கொப்பரைக்கென்றே 'சம்பா' என்ற கலவையும் உண்டு: சாராயத்தில் மிளகாய், இஞ்சி, பூண்டு, மிளகு ஊறவைத்து வடிகட்டியது. மூடிய அறையில் அதை ஊதினால் எல்லாரும் இருமித் தீர்ப்பார்கள். பிறகு மாம்போ: ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவது. பாதி ஸ்பானியம், பாதி கிகோங்கோ. தண்ணீர் 'லாங்கோ', காடு 'ன்ஃபிந்தா', கோழி 'ன்சுசு', இரத்தம் 'மெங்கா'. பாட்டு ஏறும்போது யாராவது ஒருவர்மேல் இறந்தவர் இறங்குவார். சாந்தேரியாவில் அந்த ஆளைக் குதிரை என்பார்கள். பாலோவில் நாய், ப்ரென்தாவின் நாய். இழிவாகச் சொல்வதல்ல, ஏவினால் தேடிப் பிடித்துவரும் விலங்கு என்ற பொருள்.

பெரிய வேலைக்குச் சேவல் பலி. இரத்தம் கொப்பரைக்கு, இறைச்சி பெரும்பாலும் கூடியிருப்பவர்களுக்கு. கொப்பரைக்குப் படைக்கும் எதிலும் உப்பு சேர்ப்பதில்லை. உப்பு உயிரோடிருப்பவர் உணவு. அமெரிக்காவில் இந்தப் பலிகளைத் தடுக்க ஃபுளோரிடாவின் ஹையலீயா நகரம் போட்ட சட்டங்களை 1993இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் செல்லாதவை என்றது. வழக்குப் போட்டது ஒரு சாந்தேரியா அமைப்பு, நிழல் பாலோவுக்கும் கிடைத்தது.

குறி கேட்பது இரண்டு வழி. எளியது சமலோங்கோ: வட்டமாக வெட்டித் தேய்த்த நான்கு கொட்டாங்கச்சித் துண்டுகள். வீசினால் உட்புறம் மேலே வந்தவற்றை எண்ணுவார்கள். இரண்டும் இரண்டும் உறுதியான ஆம். மூன்று மேலே வந்தால் அரைகுறை, திரும்பக் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் இல்லை. நான்கும் கவிழ்ந்தால் கெட்ட செய்தி, உடனே ஒரு மெழுகுவத்தி ஏற்றி என்ன வேண்டும் என்று கேட்பார்கள். நான்கும் நிமிர்ந்தால் நல்லது, ஆனாலும் பல வீடுகளில் மறுபடி வீசி உறுதி செய்வது வழக்கம். துண்டுகள் சமநிலையாக இருந்தால் பதினாறில் ஆறு வீச்சு இரண்டுக்கு இரண்டாக விழும்; அதாவது ஆம் என்ற பக்கம் இயல்பிலேயே கனம். இதனால்தான் நல்ல தாதா ஒரு கேள்வியை நேராகவும் எதிர்மறையாகவும் இருமுறை கேட்கிறார். கச்சியின் குழிவு ஆழமாக இருந்தாலோ ஓரம் கனமாக இருந்தாலோ கணக்கு இன்னும் சாயும். மற்ற வழி ம்பாகா: மாட்டுக் கொம்பில் ங்கங்காவின் பொருள்களை நிரப்பி வாயில் கண்ணாடி பதித்தது. மெழுகுவத்திக் கரியைக் கண்ணாடியில் படியவைத்து அந்த உருவங்களைப் படிப்பார்கள். காங்கோவின் மர ங்கிசிகளின் வயிற்றில் பதித்த கண்ணாடியும் இதே வேலைக்குத்தான்.

வேலை முடிந்ததா என்று பார்க்க ஃபூலா, அதாவது வெடிமருந்து. ஃபிர்மாவின்மேல் சின்னச் சின்னக் குவியல்களாக வைத்து, எத்தனை என்று குறியில் கேட்டு, சுருட்டு நெருப்பால் பற்றவைப்பார்கள். எல்லாம் ஒரே மூச்சில் போனால் செய்தி போய்ச் சேர்ந்தது. ஒன்று மிஞ்சினால் ஏதோ பாக்கி. ஈரப்பதமான ஊரில் மருந்து நமத்துப்போயிருந்தாலும் மிஞ்சும் என்பதை விவரமான தாதாக்கள் அறிவார்கள். முதலில் மருந்தைச் சோதித்துவிட்டுத்தான் இறந்தவரைக் குறை சொல்வார்கள்.

தீட்சைக்குப் பெயர் ராயமியெந்தோ, கோடு கிழித்தல். மூலிகை நீரில் குளிப்பாட்டி, கண்ணைக் கட்டி, ங்கங்காவின் முன் கொண்டுவந்து சத்தியம் வாங்குவார்கள். மார்பு, தோள், கை, கால் என வீட்டு வழக்கப்படி சிறு கீறல்கள். முன்பு சேவலின் கால்முள், இப்போது சவரக் கத்தி. கீறலில் ங்கங்காவிலிருந்து எடுத்த பொடி தேய்க்கப்படும். அதற்குப் பிறகு அவர் ங்குவேயோ, அந்த வீட்டுப் பிள்ளை. இறந்தபின் அந்த வீட்டு முன்னோரில் ஒருவர். சொந்தமாகக் கொப்பரை பெறுவது இன்னொரு, பெரிய சடங்கு. மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் ங்கங்காவை அணுகுவதில்லை என்பது பரவலான விதி. இரண்டு மரபிலும் போக நினைப்பவருக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் பாலோ, பிறகு சாந்தேரியா. தெய்வம் முடிசூடிய தலைக்கு அதன்பின் கீறல் போடுவது தகாது என்பார்கள். இரண்டையும் ஒரே அறையில் வைப்பதும் இல்லை. ங்கங்கா முற்றத்துக் குடிசையிலோ தனி அலமாரியிலோ இருக்கும்.

உடம்புக்கு வரும் ஆபத்துகளை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஒரு கத்தியைப் பலருக்குப் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்ஐவியும் பரவும். ஆளுக்கொரு புதுக் கத்தி கட்டாயம். மண்ணும் எலும்புப் பொடியும் கீறலில் படுவதால் டெட்டனஸ் தடுப்பூசி முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். பாதரசம் இன்னும் மோசம். கரீபிய, லத்தீன் சமூகங்களில் சடங்குக்காகப் பாதரசம் தெளிப்பது பற்றி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002இல் தனி அறிக்கையே வெளியிட்டது. சிந்திய பாதரசம் தரை இடுக்கில் தங்கி ஆண்டுக்கணக்கில் ஆவியாகிக்கொண்டிருக்கும். அடுத்து குடிவரும் குடும்பத்தின் குழந்தைகளுக்கும் பாதிப்பு. சிந்திவிட்டால் துடைப்பமும் வேண்டாம், வேக்குவம் கிளீனரும் வேண்டாம். இரண்டும் அதைப் பரப்பும். ஜன்னலைத் திறந்து, கெட்டி அட்டையால் உருண்டைகளை ஒதுக்கி மூடிய புட்டியில் சேர்ப்பதே சரி.

மூலிகை எடுப்பதற்கும் ஒப்பந்த விதிதான். காட்டுக்குள் நுழையும்போது வணக்கம், காசு, என்ன தேவை, எதற்குத் தேவை என்ற அறிவிப்பு. எல்லா மரத்துக்கும் மேலே செய்பா. தாவரவியல்படி அது நம் இலவ மரம்தான். கிளி காத்துக் கிடந்து ஏமாந்த அதே இலவு. கியூபாவில் அதை வெட்ட ஆள் கிடைப்பது கடினம். ஹவானாவில் நகரம் பிறந்த நாளான நவம்பர் 16ஐ ஒட்டி, எல் தெம்ப்லேத்தே நினைவு மண்டபத்தின் முற்றத்துச் செய்பாவை மூன்று முறை சுற்றி, பேசாமல் ஒன்றை வேண்டிக்கொள்ள மக்கள் இரவிலேயே வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் பாலோவைச் சேராதவர்களே அதிகம்.

இருட்டுப் பக்கம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? கொப்பரைகளுக்குள்ளேயே ஒரு பிரிவினை உண்டு. தேவாலயத் தீர்த்தம் தெளித்தது 'கிறிஸ்தவ' ப்ரென்தா. தெளிக்காதது 'யூத' ப்ரென்தா. யூதர்களுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஞானஸ்நானம் பெறாத எதையும் காலனியக் கியூபாவில் அப்படிச் சொன்னார்கள். முதலாவது குணப்படுத்த, காக்க. இரண்டாவது கேட்பதற்கெல்லாம் சம்மதிக்கும் என்று பெயர். புனித வெள்ளியன்று பல வீடுகளில் ங்கங்காவை வெள்ளைத் துணியால் மூடி வேலையை நிறுத்திவிடுவார்கள். கடவுள் இறந்து கிடக்கும் நாளில் தடுக்க ஆளில்லை என்ற அச்சம். ஆகக் கெடுதல் செய்யும் வேலைகள் இருக்கின்றன, மறுக்க முடியாது. ஆனால் நடைமுறையில் கேட்கப்படுபவை பெரும்பாலும் நோய், வழக்கு, வேலை, வீட்டில் தொல்லை, பிறர் ஏவியதைத் திருப்புவது.

மீதிப் பெயரைக் கட்டியது செய்தித்தாள். 1904இல் கியூபாவில் ஒரு சிறுமி கொல்லப்பட்டபோது கறுப்பின மந்திரவாதிகள்மேல் பழி விழுந்து, 1906இல் இருவருக்கு மரண தண்டனை நிறைவேறியது. தொடர்ந்து ஆப்பிரிக்க வழிபாடு எதுவானாலும் காவல்துறை புகுந்தது. 1989இல் மெக்சிகோவின் மாத்தாமோரோஸ் அருகே போதைப்பொருள் கும்பல் ஒன்று மனிதர்களைக் கொன்று கொப்பரையில் போட்டது வெளிவந்தது. அதன் தலைவர் பாலோவின் பெயரைப் பயன்படுத்தினார். மனிதரைக் கொன்று ன்ஃபும்பே தேடுவது பாலோவின் எந்தக் கிளையிலும் முறையல்ல. இந்த ஒப்பந்தத்தின் முதல் விதியே எதிர்ப்பக்கம் இருப்பவரின் சம்மதம்தானே.

தப்பாகிப்போகும் வேலைகளில் பெரும்பாலானவை பரபரப்பானவை அல்ல. சேவல் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராமல் இருப்பது. அளவுக்கு மீறி வாக்குக் கொடுப்பது; ஒரு முறை கொடுத்தது வழக்கமாகிவிடும், அடுத்த முறை குறைக்க முடியாது. மாதக்கணக்கில் புகையும் சாராயமும் காட்டாமல் விட்டுவிட்டு, அவசரம் வந்ததும் ஓடிவந்து கேட்பது. இறங்கியவரை முறையாக வழியனுப்பாமல் கூட்டத்தைக் கலைப்பது. இவற்றுக்கு விளைவாகச் சொல்லப்படுவதும் ஒரே மாதிரிதான்: தூக்கம் கெடும், வீட்டில் சண்டை வரும், கொப்பரை எசமானாகி ஆள் வேலைக்காரராவார்.

தாதா இறந்தால் ஒப்பந்தமும் திரும்ப எடுக்கப்படும். வீட்டு மூத்தவர்கள் கூடி, ங்கங்காவின் முன் சமலோங்கோ வீசி, வாரிசுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்பார்கள். ஒரு பெயருக்குச் சம்மதம் வந்தால் அவர் கொப்பரையோடு பழைய கடன்களையும் ஏற்றுக்கொள்கிறார். எந்தப் பெயருக்கும் வரவில்லையென்றால் பிரித்துவிடுவது வழக்கம். கட்டைகள் காட்டுக்கு, கற்கள் ஆற்றுக்கு, எலும்பு மண்ணுக்கு. கூலிப் பாக்கி ஏதாவது உண்டா என்று கடைசியாக ஒரு முறை கேட்டு, அதையும் கொடுத்துவிட்டுத்தான் குழியை மூடுவார்கள்.